இரண்டு சக்கரங்களுக்கு நடுவே ஓர் உராய்வு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஏரிகளுக்குப் பஞ்சமே இல்லை. படகைத் தண்ணீரில் இறக்கவும் திரும்ப ஏற்றவும் ஏரிக்கரைகளில் சிமென்ட் சரிவுகள் போட்டு வைத்திருப்பார்கள். தண்ணீர் தொடும் இடத்தில் பாசி பிடித்திருக்கும். படகை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு ஒரு பிக்கப் டிரக் அந்தச் சரிவில் மேலே வரப் பார்க்கிறது. அதன் பின்சக்கரங்களில் ஒன்று பாசியில், மற்றொன்று காய்ந்த சிமென்ட்டில். ஓட்டுநர் மிதிக்க மிதிக்க, பாசியில் உள்ள சக்கரம் சர்ரென்று சுழல்கிறது. நல்ல தரையில் இருக்கும் சக்கரமோ அசையாமல் நிற்கிறது. எஞ்சினில் எத்தனை குதிரைத்திறன் இருந்தும் வண்டி ஓர் அங்குலம் நகர்வதில்லை.

அதே டிரக்கின் பின் அச்சில் 'லிமிடெட் ஸ்லிப்' வகை டிஃபரன்ஷியல் நல்ல நிலையில் இருந்தால், வண்டி பெரும்பாலும் ஏறி வந்துவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உள்ளங்கையில் அடங்கும் சில வட்டத் தட்டுகள்தான். அந்தத் தட்டுகள் தேயும், கருகும். மாற்றிப் பொருத்தவும் முடியும். அந்த வேலையையும் அதற்குள் ஒளிந்திருக்கும் இயற்பியலையும் ஒன்றாகவே பார்க்கலாம். உதாரணத்துக்கு ஃபோர்டு நிறுவனத்தின் 8.8 அங்குல அச்சை எடுத்துக்கொள்கிறேன். 1980-களின் தொடக்கத்தில் வந்து, எஃப்-150, ரேஞ்சர் பிக்கப்புகளிலும் எக்ஸ்ப்ளோரரிலும் மஸ்டாங்கிலும் பல ஆண்டுகள் ஓடிய அச்சு இது. கிரவுன் வீலின் விட்டம் 8.8 அங்குலம், அதாவது சுமார் 223 மி.மீ.; பெயர் அதனால்தான். இதற்குள் ஃபோர்டு பொருத்திய லிமிடெட் ஸ்லிப் அமைப்புக்கு 'ட்ராக்‌ஷன்-லாக்' என்று பெயர்.

முதலில் டிஃபரன்ஷியல் எதற்கு என்று பார்த்துவிடுவோம். வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் போயாக வேண்டும். எவ்வளவு அதிகம்? வண்டி ஒரு முழு வட்டம் அடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரு சக்கரங்களும் போடும் வட்டங்களின் சுற்றளவுகளைக் கழித்தால், சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை இரண்டு பையால் (2π) பெருக்கிய தொகை மட்டுமே மிஞ்சும். வட்டத்தின் ஆரம் கணக்கிலிருந்தே கழன்றுவிடும். பெரிய பிக்கப் ஒன்றில் அந்த அகலம் சுமார் 1.7 மீட்டர். எனவே வித்தியாசம் பத்தரை மீட்டருக்குச் சற்று மேல். கடை வாசலில் வட்டமடித்தாலும் சரி, ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தாலும் சரி, அதே பத்தரை மீட்டர்தான். டயரின் சுற்றளவு இரண்டரை மீட்டர் என்றால் வெளிச்சக்கரம் நான்கு சுற்றுக்கும் மேல் கூடுதலாகச் சுழல வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் அந்த நான்கு சுற்றையும் டயர் ரப்பர் தரையில் தேய்ந்துதான் தீர்க்கும்.

பிரான்ஸின் ஒனேசிஃபோர் பெக்கர் என்ற கடிகாரக் கலைஞர் 1820-களின் பிற்பகுதியில் நீராவி வண்டி ஒன்றுக்காக இதற்கு வழி கண்டு காப்புரிமை பெற்றார். இன்றைய அச்சிலும் அடிப்படை அதேதான். எஞ்சினிலிருந்து வரும் தண்டின் முனையில் உள்ள பினியன், கிரவுன் வீலைச் சுழற்றுகிறது. கிரவுன் வீலோடு ஓர் இரும்புக் கூடு சேர்ந்து சுழல்கிறது. இதைக் கேரியர் என்பார்கள். கூட்டின் குறுக்கே ஒரு தண்டு, அதில் இரண்டு ஸ்டார் பினியன்கள். அவற்றின் பற்களில் கவ்வியபடி இடமும் வலமும் இரண்டு சைடு கியர்கள். ஒவ்வொரு சைடு கியரிலிருந்தும் ஓர் அச்சுத்தண்டு தன் பக்கத்துச் சக்கரத்துக்குப் போகிறது. வண்டி நேராகப் போகையில் ஸ்டார் பினியன்கள் தம் தண்டின் மேல் சுழலாமல் கூட்டோடு சேர்ந்து உருளும். வளைவில் மட்டும் அவை மெல்லச் சுழன்று, ஒரு பக்கத்தில் குறைந்த வேகத்தை மறுபக்கத்தில் கூட்டிக் கொடுக்கும்.

ஸ்டார் பினியன் ஒரு தராசுத் தண்டு மாதிரி. நடுவில் தள்ளுகிறோம், இரு முனைகளும் சம விசையில் அழுத்துகின்றன. ஒரு முனையில் எதிர்ப்பு இல்லை என்றால் மறு முனையிலும் விசை பிறக்காது. வழுக்கும் சக்கரத்துக்கே எல்லாச் சக்தியும் ஓடிவிடுகிறது என்று பலர் சொல்வது உண்டு. முறுக்குவிசைக் கணக்கில் அது சரியல்ல. சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கத்துக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்குவிசைதான் தருகிறது. அந்த அளவை, பிடிமானம் குறைந்த சக்கரம் தீர்மானிக்கிறது. சிக்கல் அங்கேதான்.

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 2,000 கிலோ எடையுள்ள காலி பிக்கப். பின்சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் 400 கிலோ. சரிவு நூற்றுக்கு ஐந்து. ஏறுவதற்கும் டயர்களின் உருளும் தடையைச் சமாளிப்பதற்கும் சேர்த்து 1,270 நியூட்டன் போல விசை வேண்டும். ஒரு சக்கரம் பனிக்கட்டியில் இருக்கிறது. உராய்வுக் குணகம் 0.1 என்றால் அது தரக்கூடிய விசை 400 நியூட்டன். சாதாரண டிஃபரன்ஷியலில் மறு சக்கரமும் 400 தான் தரும். ஆக 800. வண்டி நகராது. இப்போது இரண்டு பக்கங்களுக்கும் இடையே 200 நியூட்டன் மீட்டர் அளவுக்கு ஓர் உராய்வை வைத்துவிடுவோம். வேகமாகச் சுழலும் பக்கத்தை அது இழுத்துப் பிடிக்கிறது, மெதுவான பக்கத்தை அது முன்னே தள்ளுகிறது. 39 செ.மீ. ஆரமுள்ள டயரில் 200 நியூட்டன் மீட்டர் என்பது 510 நியூட்டன் சொச்சம். பனியில் 400, நல்ல தரையில் 910. மொத்தம் 1,310 நியூட்டன். வண்டி ஏறிவிடும். எஞ்சினில் எதையும் மாற்றவில்லை. அச்சுக்குள் கொஞ்சம் உராய்வு சேர்த்தோம், அவ்வளவுதான்.

நம் ஊர் டிராக்டர் ஓட்டுபவர்களுக்கு இந்தப் பிரச்சினை நன்றாகவே தெரியும். சேற்றில் ஒரு சக்கரம் சுழன்றால் டிஃபரன்ஷியல் லாக் பெடலை மிதித்து இரு பக்கத்தையும் ஒன்றாக்கிவிடுவார்கள். சேற்றைத் தாண்டியதும் காலை எடுத்துவிடுவார்கள். சாலையில் ஓடும் வண்டிக்கு அந்த முழுப் பூட்டு ஆகாது. முழுதும் பூட்டாமல் ஓரளவு மட்டும் பிடிக்கும் லிமிடெட் ஸ்லிப்பின் தேவை பந்தயக் கார்களில் முதலில் கூர்மையாக உணரப்பட்டது. 1930-களில் ஃபெர்டினான்ட் போர்ஷ வடிவமைத்த ஆட்டோ யூனியன் கார்கள் வளைவிலிருந்து சீறி வெளியே வரும்போது உள்பக்கச் சக்கரம் வீணாகச் சுழன்றது. ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் அவற்றுக்கு லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் செய்து கொடுத்தது. அமெரிக்காவில் 1956-இல் பேக்கார்டும் அடுத்த ஆண்டு செவ்ரொலேயும் விற்பனைக்கு வந்த கார்களிலேயே இதைப் பொருத்தத் தொடங்கின. பனி கொட்டும் மாநிலங்களில், பின்பக்கம் எடையே இல்லாமல் ஓடும் பிக்கப்புகளுக்கு இது வரப்பிரசாதமானது.

தட்டுகள் செய்யும் வேலை

ட்ராக்‌ஷன்-லாக்கில் ஒவ்வொரு சைடு கியருக்கும் கூட்டின் சுவருக்கும் நடுவே ஏழெட்டு மெல்லிய தட்டுகள் அடுக்கியிருக்கும். ஒன்று விட்டு ஒன்று இரண்டு வகை. ஒரு வகை வெறும் எஃகு. அதன் வெளிவிளிம்பில் காதுகள் உண்டு. அந்தக் காதுகள் கூட்டின் பள்ளங்களில் உட்கார்ந்திருப்பதால் எஃகுத் தட்டு கூட்டோடுதான் சுழலும். இன்னொரு வகையின் இரு முகங்களிலும் உராய்வுப் பொருள் ஒட்டியிருக்கும். அதன் உள்விளிம்பில் உள்ள பற்கள் சைடு கியரின் கழுத்தில் கோத்திருப்பதால் அது சைடு கியரோடு சுழலும். கூடும் சைடு கியரும் வெவ்வேறு வேகத்தில் சுழன்றால் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று தேய்ந்தாக வேண்டும்.

தட்டுகளை அழுத்துவது யார்? இரண்டு விசைகள். இரு சைடு கியர்களுக்கும் நடுவே எஸ் வடிவத்தில் வளைத்த தடித்த எஃகு ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. அது இரண்டையும் எப்போதும் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் கொஞ்சம் பிடி மிஞ்சுவது இந்த ஸ்பிரிங்கால்தான். இரண்டாவது விசை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஸ்டார் பினியனின் பற்கள் சாய்வானவை. அவை சைடு கியரைச் சுழற்றும்போது கூடவே வெளிப்பக்கமும் தள்ளுகின்றன. முறுக்குவிசை கூடக்கூட இந்தத் தள்ளலும் கூடும், தட்டுகளின் பிடியும் கூடும். எஞ்சின் பலமாக இழுக்கையில் பிடி இறுகுகிறது, ஆக்ஸிலரேட்டரை விட்டால் தளர்கிறது. சென்சாரும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. பல்லின் சாய்வுக் கோணமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது.

ஆனால் உராய்வை வைத்தால் மட்டும் போதாது. அந்த உராய்வு வேகத்தோடு எப்படி மாறுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சார்ல் அகஸ்டின் கூலோம் என்றால் நமக்கு மின்னூட்டங்களின் விதி நினைவுக்கு வரும். அதற்கு முன்பே அவர் பிரான்ஸின் ரோஷ்ஃபோர் கப்பல்கட்டும் தளத்தில் மரத்தையும் உலோகத்தையும் இழுத்து இழுத்து உராய்வை அளந்தவர். 1785-இல் வெளியான அவரது ஆய்வில் ஒரு முக்கியமான செய்தி உண்டு: இரு பரப்புகள் எவ்வளவு நேரம் அசையாமல் ஒட்டி இருக்கின்றனவோ, அவற்றைப் பெயர்த்தெடுக்க அவ்வளவு அதிக விசை வேண்டும். நகரத் தொடங்கிய பிறகு உராய்வு குறைந்துவிடும். நிலை உராய்வு பெரியது, இயக்க உராய்வு சிறியது.

இந்த ஏற்றத்தாழ்வை அச்சுக்குள் கொண்டுவந்து பாருங்கள். டிரக் ஒரு வாகன நிறுத்தத்தில் மெதுவாக ஒடித்துத் திரும்புகிறது. தட்டுகள் ஒட்டிக்கொள்கின்றன. சக்கரங்களோ வெவ்வேறு தூரம் போயே தீர வேண்டும். ஆகவே அச்சுத்தண்டு மெல்ல முறுக்கேறுகிறது, டயரின் பக்கச்சுவர் வளைகிறது. முறுக்கு நிலை உராய்வைத் தாண்டியதும் தட்டுகள் சட்டென்று வழுக்குகின்றன. தேக்கிவைத்த ஆற்றல் ஒரே உதறலில் வெளியேறுகிறது. தண்டு தளர்ந்ததும் தட்டுகள் மறுபடி ஒட்டுகின்றன. ஒரு நொடிக்குள் இது பலமுறை நடக்கும். ஓட்டுநருக்கு வண்டியின் பின்பாதியிலிருந்து உறுமலும் அதிர்வும் வரும். வயலின் தந்தியில் வில் எழுப்பும் இசையும் இதே ஒட்டி வழுக்கும் இயக்கம்தான். கேம்பிரிட்ஜில் பௌடனும் லெபனும் 1939-இல் இந்தத் தாவல்களைக் கருவிகொண்டு பதிவுசெய்து காட்டினார்கள்.

இதை அடக்க வேண்டுமானால் நிலை உராய்வை இயக்க உராய்வைவிடச் சற்றுத் தாழ்த்த வேண்டும். வேகம் கூடினால் உராய்வும் கொஞ்சம் கூட வேண்டும். அப்போது தட்டுகள் தாவாமல் சீராக நகரும். அதற்காகத்தான் எண்ணெயில் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் என்ற திரவத்தைக் கலக்கிறார்கள். அதன் மூலக்கூறுகள் நீளமான கார்பன் சங்கிலிகள். ஒரு முனை எஃகுப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும், மறு முனை எண்ணெய்ப் பக்கம் நீட்டி நிற்கும். இரு தட்டுகள் மிக மெதுவாக நகர்ந்து எண்ணெய்ப் படலம் பிதுங்கி ஓடிவிட்ட நிலையிலும், இந்த ஒற்றை மூலக்கூறுப் போர்வை நடுவே நின்று ஒட்டுதலைத் தடுக்கும். இப்படிப்பட்ட மெல்லிய படலங்களின் உயவை 1920-களில் ஆராய்ந்தவர் வில்லியம் ஹார்டி. அடிப்படையில் அவர் ஓர் உயிரியலாளர். எல்லைப்படல உயவு என்று இன்று பாடநூல்கள் சொல்லும் துறை அவர் தொடங்கி வைத்தது.

இதில் என்னை வியக்க வைப்பது, அதே எண்ணெய்க் குட்டையில் நேர்மாறான இன்னொரு வேலையும் நடப்பதுதான். கிரவுன் வீலும் பினியனும் ஹைப்பாய்ட் வகை. பினியனின் மையம் கிரவுன் வீலின் மையத்துக்குக் கீழே தள்ளி அமைந்திருக்கும். 1920-களில் பேக்கார்டு கார்களில் இது வந்தபோது ஓட்டுதண்டைத் தாழ்த்தி, காரின் தரையையும் தாழ்த்த முடிந்தது. அதற்கு ஒரு விலை உண்டு. பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நீளவாக்கில் இழைந்து வழுக்கவும் செய்கின்றன. தொடும் இடத்தில் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து டன்னைத் தாண்டக்கூடும். வெறும் எண்ணெய் அங்கே நிற்காது. அதனால் கந்தகமும் பாஸ்பரசும் கொண்ட சேர்மங்களைக் கலக்கிறார்கள். பல்முகம் சூடாகும் புள்ளிகளில் அவை இரும்போடு வினைபுரிந்து ஒரு மெல்லிய படலம் ஆகி, பற்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளாமல் காக்கின்றன. கியர் ஆயிலின் குடலைப் புரட்டும் நாற்றம் இந்தக் கந்தகத்தினுடையது. ஆக, இரண்டரை லிட்டர் எண்ணெய் ஒரே சமயத்தில் பற்களை வழுக்கவிட வேண்டும், தட்டுகளைப் பிடிக்கவிட வேண்டும், அந்தப் பிடியும் திக்கித் திணறாமல் இருக்க வேண்டும். நம் வண்டிகளில் இதைவிடக் கடினமான வேலை செய்யும் எண்ணெய் அதிகம் இல்லை.

பிரித்தல்

உங்கள் வண்டியின் அச்சில் இருப்பது எந்த வகை? 8.8 அச்சின் மூடியில் ஒரு போல்ட்டுக்கு அடியில் சிறு தகடு இருக்கும். அதில் 3எல்55, 3எல்73 என்பதுபோலப் பொறித்திருந்தால் நடுவிலுள்ள எல் எழுத்து லிமிடெட் ஸ்லிப்பைக் குறிக்கும். எண்கள் கியர் விகிதம், 3.55 அல்லது 3.73. தகடு துருவேறிப் போயிருந்தால் இரு பின்சக்கரங்களையும் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறு சக்கரம் அதே திசையில் சுற்றினால் தட்டுகளுக்கு உயிர் இருக்கிறது. எதிர்த்திசையில் சுற்றினால் அது சாதாரண டிஃபரன்ஷியல், அல்லது முற்றிலும் தேய்ந்த லிமிடெட் ஸ்லிப்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். லிமிடெட் ஸ்லிப் உள்ள வண்டியில் ஒரு பின்சக்கரம் தரையில் இருக்கும்போது எஞ்சினை ஓடவிட்டு கியர் போடவே கூடாது. தரையிலுள்ள சக்கரத்துக்கும் விசை போகும். வண்டி ஜாக்கிலிருந்து பாய்ந்துவிடும்.

சக்கரங்களையும் பிரேக் டிரம்களையும் கழற்றியபின் மூடியின் பத்து போல்ட்டுகளைத் தளர்த்தினால் எண்ணெய் வழியும். இந்த அச்சில் பெரும்பாலும் தனி வடிகால் துளை கிடையாது. வழியும் எண்ணெயை அவசரமாகக் கொட்டிவிடாமல் விரலில் தொட்டுப் பாருங்கள். சாம்பல்நிறப் பசையாக இருந்தால் அது தட்டுகளின் இயல்பான தேய்மானம். மினுக்கும் செதில்கள் இருந்தால் பேரிங்கோ பல்லோ உதிர்கிறது. வேலை தட்டுகளோடு நிற்காது. பாலேறிய நிறமென்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. படகுச் சரிவுகளில் அச்சு மூழ்க நின்ற வண்டிகளில் இதை எதிர்பார்க்கலாம்.

கூட்டின் குறுக்குத் தண்டை ஒரு சிறு பூட்டுபோல்ட் பிடித்திருக்கும். அது தொழிற்சாலையிலேயே பசையிட்டு இறுக்கப்பட்டது. பொறுமையில்லாமல் திருகினால் தலை முறிந்து உள்ளே தங்கிவிடும். கொஞ்சம் சூடு காட்டினால் பசை இளகும். அதை எடுத்ததும் குறுக்குத் தண்டு வழுக்கி வெளியே வரும். பிறகு அச்சுத்தண்டை வெளியிலிருந்து உள்ளே சற்றுத் தள்ள, அதன் முனையிலுள்ள சி வடிவ கிளிப் விழும். இவ்வளவு பெரிய டிரக்கின் சக்கரம் கழன்று ஓடாமல் இருப்பது இந்தக் கட்டைவிரல் அளவு கிளிப்பால்தான். அச்சுத்தண்டை உருவியதும், சக்கரப் பக்கத்து பேரிங் உட்காரும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். இந்த அச்சில் அந்த உருளை பேரிங்குக்குத் தனியாக உள்வளையம் இல்லை. தண்டின் பரப்பே வளையம். நகம் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புது பேரிங் போட்டும் பயனில்லை, தண்டையே மாற்ற வேண்டும்.

தட்டுகளை மட்டும் மாற்றுவதானால் கூட்டை அச்சிலிருந்து எடுக்காமலேயே செய்துவிடலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான் எடுத்துச் செய்யும் முறையைத்தான் பரிந்துரைப்பேன். எஸ் ஸ்பிரிங்கை மேசை வைஸில் வைத்து அடக்குவது பாதுகாப்பு, கூடவே பேரிங்குகளையும் சோதித்துக்கொள்ளலாம். எடுக்கும்போது மூன்று விஷயங்கள். வேக சென்சார் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். பேரிங்கைப் பிடிக்கும் மூடிகள் இரண்டையும் இடம் வலம், மேல் கீழ் என்று அடையாளமிடுங்கள். அவை அச்சுக்கூட்டோடு சேர்த்துக் கடையப்பட்டவை, மாற்றிப் போட்டால் வட்டம் வட்டமாக இராது. இரு பக்கத்து ஷிம்களையும், அதாவது இடைவெளியைச் சரிசெய்யும் வளையங்களையும், கலந்துவிடாமல் தனித்தனியே வையுங்கள். தொழிற்சாலை ஷிம்கள் வார்ப்பிரும்பு. சுத்தியலால் அடித்தால் விரிசல் விடும்.

அடுத்தது எஸ் ஸ்பிரிங். அது நூற்றுக்கணக்கான நியூட்டன் விசையை அடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடி அணிந்து, கூட்டின் மேல் தடித்த துணியைப் போர்த்தி, உளிபோன்ற கம்பியால் சிறிது சிறிதாகத் தட்டி வெளியேற்ற வேண்டும். துணி இல்லாமல் தட்டினால் அது பட்டறையின் மறுகோடிக்குப் பறக்கும். முகம் குறுக்கே இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஸ்பிரிங் போனதும் சைடு கியரைச் சுழற்றினால் ஸ்டார் பினியன்கள் கூட்டின் ஜன்னல் வழியே ஒவ்வொன்றாக வெளியே வரும். பின்னாலேயே சைடு கியரும் தட்டடுக்கும்.

பழைய தட்டுகளைக் கழுவி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வண்டியின் கதை அதில் எழுதியிருக்கும். எஃகில் நீலத் திட்டுகள் இருந்தால் அந்த இடம் பல நூறு டிகிரிக்குச் சூடாகியிருக்கிறது. உராய்வுத் தட்டின் காகித நார்ப் பரப்பு சொரசொரப்பாக, எண்ணெயை உறிஞ்சும் நுண்துளைகளோடு இருக்க வேண்டும். கண்ணாடிபோல் பளபளத்தால் துளைகள் அடைந்துவிட்டன. தடிமன் மிச்சமிருந்தாலும் அந்தத் தட்டு தீர்ந்தது. கூட்டின் பள்ளங்களில் எஃகுத் தட்டின் காதுகள் வெட்டிய வடுக்களையும் பார்க்க வேண்டும். வடு ஆழமாக இருந்தால் புதுத் தட்டும் அங்கேயே சிக்கிக்கொண்டு, அழுத்தம் அடுத்த தட்டுக்குப் போகாது. காகித நாருக்குப் பதில் கார்பன் இழைத் தட்டுகளும் கிடைக்கின்றன. அவை சூட்டை அதிகம் தாங்கும். டிரெய்லர் இழுப்பவர்களுக்கு நல்ல தேர்வு.

சேர்த்தல்

புது உராய்வுத் தட்டுகளை ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையரில் குறைந்தது இருபது நிமிடமாவது ஊறவைக்க வேண்டும். உலர்ந்த தட்டைப் போட்டு ஓட்டினால் எண்ணெய் அடுக்கின் நடுவரை போய்ச் சேரும் முன்பே பரப்பு கருகிவிடும். அடுக்கின் மொத்தத் தடிமனைப் பழையதோடு ஒப்பிட்டு, கூட்டின் சுவரை ஒட்டி அமரும் ஷிம்மைத் தேர்ந்தெடுங்கள். தடிமன் கூடினால் சைடு கியரும் ஸ்டார் பினியனும் இடைவெளியின்றி நெருக்கிக்கொள்ளும். குறைந்தால் ஸ்பிரிங்கின் அழுத்தம் வீணாகும். ஸ்டார் பினியன்களை ஜன்னல் வழியே உருட்டி உள்ளே கொண்டுவருவதற்குப் பொறுமை வேண்டும். இரண்டும் நேரெதிராக அமையாவிட்டால் குறுக்குத் தண்டு நுழையாது. ஒரு பல் தள்ளிப் போயிருந்தால் திரும்ப எடுத்து முதலிலிருந்துதான்.

கூட்டை அச்சில் ஏற்றி, ஷிம்களைப் பழைய பக்கங்களிலேயே தட்டி இறக்கி, பேரிங் மூடிகளை 95 முதல் 115 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கியபின் டயல் கேஜை எடுங்கள். பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு கிரவுன் வீலை முன்னும் பின்னும் ஆட்டினால் ஊசி எவ்வளவு நகர்கிறது? இந்த இடைவெளி 0.20 முதல் 0.38 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இந்த இடைவெளியில்தான் எண்ணெய்ப் படலம் வாழ்கிறது, சூட்டில் உலோகம் விரிவதற்கும் இடம் இதுதான். ஓரிடத்தில் மட்டும் அளந்தால் போதாது, வட்டத்தில் நாலைந்து இடங்களில் பாருங்கள். பேரிங்குகளை மாற்றியிருந்தால் அளவு மாறியிருக்கலாம். அப்போது ஒரு பக்கத்து ஷிம்மில் எவ்வளவு குறைக்கிறீர்களோ அவ்வளவை மறுபக்கம் கூட்ட வேண்டும். இரு பக்கமும் சேர்ந்த தடிமன் மாறக் கூடாது, மாறினால் பேரிங்கின் மீதான அழுத்தம் போய்விடும்.

எண் சரியாக வந்தாலும் கண்ணால் பார்க்க வேண்டிய ஒன்று மிச்சம். கிரவுன் வீலின் சில பற்களில் மஞ்சள் நிறக் குறிச்சாந்தைப் பூசி, கொஞ்சம் தடை கொடுத்துக்கொண்டே சுழற்றுங்கள். பினியன் தொட்ட இடத்தில் சாந்து விலகி ஒரு முட்டைவடிவத் தடம் விழும். அது பல்லின் உயரத்துக்கு நடுவே இருக்க வேண்டும். பல்லின் அடியை நோக்கி இறங்கியிருந்தால் பினியன் அதிகம் உள்ளே வந்துவிட்டது. உச்சியை நோக்கி ஏறியிருந்தால் வெளியே நிற்கிறது. பினியனைத் தொடாமல் தட்டுகளை மட்டும் மாற்றிய வேலையில் பழைய தடமே திரும்பக் கிடைக்கும், கிடைக்கவும் வேண்டும். ஓடிப் பழகிய பற்கள் ஒன்றுக்கொன்று தேய்ந்து இசைந்தவை. தடம் இடம் மாறியிருந்தால் எங்கோ ஷிம் மாறிவிட்டது என்று பொருள். அப்படியே மூடி ஓட்டினால் நெடுஞ்சாலையில் ஊளைச்சத்தம் வரும்.

எஸ் ஸ்பிரிங், அச்சுத்தண்டுகள், கிளிப்புகள், குறுக்குத் தண்டு, புதிதாக வாங்கிய பூட்டுபோல்ட், அதன் மரையில் பசை. மூடியின் விளிம்பில் சிலிக்கோன் பசை. பிறகு எண்ணெய். பிந்தைய எஃப்-150களுக்கு ஃபோர்டு சொல்வது 75டபிள்யூ-140 செயற்கை எண்ணெய். அதில் ஏறத்தாழ 118 மி.லி. மாடிஃபையர், அதாவது அமெரிக்கக் கணக்கில் நான்கு அவுன்ஸ். இன்னும் கொஞ்சம் ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். நிலை உராய்வைக் குறைக்கும் மருந்து அளவு மீறினால் இயக்க உராய்வையும் சேர்த்தே குறைத்துவிடும்; இத்தனை பாடுபட்டு வைத்த பிடி அதிலேயே கரைந்துபோகும்.

முதல் ஓட்டம் ஒரு காலி மைதானத்தில். மெதுவாக எட்டுப் போடுங்கள், இடமும் வலமும் மாறி மாறி. ஒவ்வொரு முழு வட்டத்திலும் நான்கு சுற்றுக்கும் மேற்பட்ட வித்தியாசம் இரு பக்கத்துத் தட்டடுக்குகளுக்கும் பகிர்ந்து போகிறது. எண்ணெய் தட்டுகளின் நடுவே ஊறிச் சேர்வதற்கு வேறு நல்ல வழியில்லை.

இன்றைய வண்டிகளில் வழுக்கும் சக்கரத்தை பிரேக்கால் பிடித்தே இதே பலனை ஓரளவு பெறுகிறார்கள். அதற்கு எஞ்சினின் சக்தியில் ஒரு பங்கு பிரேக்கில் சூடாகக் கழிகிறது. நீண்ட சரிவில் பிரேக் தாங்காது. பாரம் இழுக்கும் பிக்கப்புக்கு அச்சுக்குள் இருக்கும் பிடிதான் நம்பகமானது என்பது என் எண்ணம்.

உங்களிடம் இப்படி ஒரு வண்டி இருந்து, திரும்பும்போது பின்னால் உறுமினால் உடனே தட்டுகள் போய்விட்டன என்று முடிவுகட்டாதீர்கள். உறுமல் என்பது நிலை உராய்வு கூடிப்போனதன் அறிகுறி. பெரும்பாலும் மாடிஃபையர் சூட்டில் சிதைந்துவிட்டிருக்கும். தேய்ந்த தட்டு சத்தம் போடாது, சும்மா வழுக்கும். ஒரு பின்சக்கரத்தைத் தரையில் விட்டு மறு சக்கரத்தைத் தூக்குங்கள். எஞ்சின் நிறுத்தியிருக்க, கியர் நியூட்ரலில் இருக்க, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, தூக்கிய சக்கரத்தை டார்க் ரெஞ்சால் திருப்பிப் பாருங்கள். 27 நியூட்டன் மீட்டருக்குக் குறைவான முறுக்குவிசையிலேயே அது நகர்ந்துவிட்டால் தட்டுகளை மாற்றுங்கள். அதற்கு மேல் தாங்கினால் தட்டுக்குச் செலவழிக்க வேண்டாம். புது எண்ணெயும் ஒரு சிறு புட்டி மாடிஃபையரும் போதும்.